ஸ்பீடோமீட்டர் முள் விழுந்தால் கியர் பாக்ஸ் போச்சு என்று அர்த்தமில்லை

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வண்டி 2004 செவ்ரோலே சில்வராடோ பிக்கப், 5.3 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், டபுள் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற வகை) கிடையாது. ஓட்டம் 3 லட்சத்துச் சொச்சம் கி.மீ. சவுதியில் தம்மாமிலிருந்து ஜுபைலுக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, கொஞ்ச தூரத்தில் தானாகவே எழுந்துகொள்கிறது. முள் விழுகிற அதே நேரம் கியர் டொக்கென்று உதைக்கிறது, வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கழன்றுவிடுகிறது, என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0503 என்ற கோளாறு எண், அதாவது கோடு. சனையாவில், அதாவது பட்டறைகள் இருக்கும் பகுதியில், ஒரு கடையில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் அறை நண்பர் வேகச் சென்சார் மாற்றினால் போதும் என்கிறார். அந்தச் சென்சாரை நீங்களே மாற்ற முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஒரு போல்ட், ஒயரைச் சொருகுகிற ஒரு கப்ளர், ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அவ்வளவுதான். வண்டி சூடு ஆறியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் சனையாவில் 16 வருடம் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புதுச் சென்சார் போட்டும் சரியாகவில்லை என்று திரும்பி வந்த வண்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஒயரோ கப்ளரோ மீட்டரோ கோளாறு பண்ணியிருக்கும். அதனால் கழற்றுவதைப் பிறகு பார்க்கலாம். யார் பொய் சொல்கிறார்கள் என்று முதலில் பிடிப்போம். அதற்குச் செலவு ஒரு மல்டிமீட்டரும் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையும்தான். வண்டி கம்பெனிப் பெயரில் இருந்தால் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு ஏதாவது கெட்டாலும் நீங்கள் பிரித்ததால்தான் என்று ஆகிவிடும்.

உங்கள் கியர் பாக்ஸின் பெயர் 4எல்60-ஈ. நாலு கியர், வண்டியில் நீளவாக்கில் உட்காரும், 60 என்பது தாங்குகிற இழுவைக்கான வரிசை எண், ஈ என்றால் எலக்ட்ரானிக். 1982-ல் 700ஆர்4 என்ற பெயரில் வந்த பெட்டியின் வாரிசு இது, 1993-ல் கம்ப்யூட்டர் கைக்கு மாறியது. அந்தப் பழைய பெட்டியில் ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் ஓடும். அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், பின் அச்சின் விகிதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நிறத்தில். தப்பான நிறத்தைப் போட்டால் வேகம் தப்பாகக் காட்டும். உங்கள் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. கியர் பாக்ஸின் வாலில், பின் அச்சைச் சுற்றவைக்கும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போய்ச் சொருகுகிற இடத்துக்கு முன்னால், வெளியேறும் தண்டின் மேல் 40 பல் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அதற்கு எதிரே, தொடாமல், சுண்டுவிரல் இடைவெளிகூட இல்லாமல் நிற்பதுதான் சென்சார். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். வெளியிலிருந்து கரண்ட் எதுவும் வேண்டாம். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் ஒரு சிறு மின் அலை பிறக்கும்.

எவ்வளவு அலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 16 அங்குல ரிம்மில் வழக்கமான டயர், பின் அச்சு விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.73 சுற்று, என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 7 சுற்று, ஷாஃப்ட் 26 சுற்று, அதை 40 பல்லால் பெருக்கினால் நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் அலை. என்ஜின் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர், பிசிஎம் என்போமே, அது இந்த அலைகளை எண்ணித்தான் வண்டியின் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. எப்போது கியர் மாற்றுவது, எவ்வளவு ஆயில் அழுத்தம் கொடுப்பது, க்ரூஸை எங்கே நிறுத்துவது, முள்ளை எங்கே வைப்பது, எல்லாமே இந்த ஒரே எண்ணிக்கையிலிருந்து வருகிறது. 2004-ல் இந்தப் பெட்டிக்கு வேறு வேகச் சென்சார் உள்ளே கிடையாது.

இதை வைத்தே உங்கள் வண்டியின் குணம் புரிந்துவிடும். அலை நின்றால் பிசிஎம் குருடாகிறது. வேகம் தெரியாமல் கிளட்சுகள் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்று ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அந்த அழுத்தத்தில் கியர் மாறினால் இடுப்பில் உதைத்த மாதிரிதான் இருக்கும். கியர் பாக்ஸ் சாகப்போகிறது என்பதற்கு அது அடையாளமில்லை, சாகாமல் இருக்க அது செய்கிற காரியம். பி0503 என்பதன் பொருளும் இதுவே. பி0502 என்றால் அலையே வரவில்லை. பி0503 என்றால் வந்துகொண்டிருந்த அலை திடீரென்று அறுந்தது. 100 கி.மீ. வேகத்தில் போகிற 2 டன் வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றுவிட முடியாது என்பது பிசிஎம்முக்கும் தெரியும், அதனால்தான் கோடு போடுகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறு என்றாலே என் சந்தேகம் முதலில் ஒயர் பக்கம்தான் போகும்.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதலில் மீட்டர் போர்டைச் சந்தேகப்படுங்கள். 2003 முதல் 2006 வரை வந்த இந்த வண்டிகளில் முள்ளை நகர்த்தும் குட்டி மோட்டார்கள் தேய்ந்து போவது ஊரறிந்த விஷயம். முள் ஒட்டிக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும், நிற்கிற வண்டிக்கு 80 காட்டும். ஆனால் முள் மோட்டார் கெட்டதற்காகக் கியர் உதைக்காது, க்ரூஸ் கழலாது, பி0503 வராது. உங்களுக்கு எல்லாம் சேர்ந்தே நடப்பதால் மீட்டர் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஒரு தடவை உறுதி செய்துவிடுங்கள். ஓடும்போது எண்களைக் காட்டுகிற ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, வேகம் என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம். முள் விழும்போது ஸ்கேனரிலும் பூஜ்யம் வந்தால் கோளாறு கீழே, வண்டிக்கு அடியில். ஸ்கேனர் 100 என்று சொல்லிக்கொண்டிருக்க முள் மட்டும் விழுந்தால் மீட்டரைக் கழற்றுகிறவரைத் தேடுங்கள்.

அப்புறம், எப்போது விழுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது விழுந்தால் ஒயர் அல்லது கப்ளர். காலையில் ஒன்றும் இல்லை, மதியம் ஒரு மணி நேரம் ஓடி எல்லாம் கொதித்த பிறகு விழ ஆரம்பிக்கிறது என்றால் சென்சாருக்குள் இருக்கும் சுருள். தலைமுடியை விட மெல்லிய கம்பி அது. எங்காவது ஒரு கீறல் விட்டிருந்தால் குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி தொடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது முள் தானாக எழுந்து ஆடுகிறதா? அப்படியானால் அறுந்த ஒயர் ஒன்று ஏரியல் மாதிரி பக்கத்து ஒயர்களின் இரைச்சலைப் பிடித்து பிசிஎம்முக்கு அனுப்புகிறது.

இனி வண்டிக்கு அடியில். சமதரை, இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் பைப் கியர் பாக்ஸை ஒட்டித்தான் போகிறது, ஓடி நின்ற வண்டியில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். நம் ஊர் மாதிரி காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்ளாதீர்கள், கோடையில் அங்கே எட்டு மணிக்கே தார் கொதிக்கும். விடியலிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகவே கூடாது. மணல் தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்க முடியும், அது ஒன்று. ஆயில் முன்பக்கம் ஓடிவிடும், சென்சாரைக் கழற்றும்போது முகத்தில் ஊற்றாது, அது இரண்டு.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சாவியை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். கியர் பாக்ஸின் வால் பகுதியில் இரண்டு ஒயர் உள்ள ஒரு கப்ளர் சொருகியிருக்கும். ஒன்று ஊதாவில் வெள்ளைக் கோடு, இன்னொன்று வெளிர் பச்சையில் கறுப்புக் கோடு. 20 வருட அழுக்கில் நிறம் தெரியாது, துடைத்துப் பாருங்கள். கப்ளரின் லாக்கை மெதுவாக அமுக்கி இழுங்கள். இந்த வெயிலில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். லாக் உடைந்தால் கப்ளர் தளர்ந்து, இல்லாத கோளாறைப் புதிதாக உண்டாக்கிவிடும்.

கப்ளருக்குள் ஆயில் இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, உலோகப் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் இடையே அளவெடுங்கள். ஆயிரம் ஓமுக்கு மேல், இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் ஏதாவது ஒரு எண் நின்றால் சுருள் இப்போதைக்கு உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் அறுந்தது. சில பத்து ஓம் மட்டும் காட்டினால் உள்ளுக்குள் ஷார்ட். எந்தப் பின்னிலிருந்தும் கியர் பாக்ஸின் உடம்புக்கு இணைப்பு இருக்கக் கூடாது. எண்ணை எழுதி வையுங்கள். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போது மறுபடி எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சைலன்சரைத் தொடாமல். செம்புக்கு டிகிரிக்கு 0.4 சதவீதம் தடை ஏறும். ஆகவே 20 டிகிரியில் 1500 காட்டியது 100 டிகிரியில் 1980-ஐ ஒட்டிக் காட்டினால் அது இயல்பு. சூட்டில் எண் தாவிக் குதித்தாலோ, காணாமல் போனாலோ சென்சார் குற்றவாளி, வாங்கப் போகலாம்.

ஓம் சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே இரண்டு பின்னில் வைத்துக்கொண்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 100 சுற்றில் குறைந்தது 0.5 வோல்ட் வர வேண்டும் என்பது கணக்கு. அதே சென்சார் 8000 சுற்றில் 100 வோல்ட்டுக்கு மேல் தரும். 100 சுற்று என்றால் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் போகிற மாதிரி. கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 0.3 வோல்ட் பக்கம் வந்தாலே எனக்குத் திருப்தி. எண் பெரிதா என்பதை விட, ஷாஃப்ட் சுற்றும்போது ஏறி, நிறுத்தினால் இறங்குகிறதா என்று பாருங்கள். ஓம் சரி, வோல்ட் இல்லை என்றால் சென்சார் நுனிக்கும் பல்லுக்கும் இடையில் ஏதோ தப்பு. நுனியில் இரும்புத்தூள் அப்பியிருக்கும், அல்லது அபூர்வமாகப் பல் வளையமே தண்டில் நழுவியிருக்கும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இதே மாதிரி ஒரு வண்டி. கப்ளரின் பொந்துக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனையை அழுத்திச் சொருகி அளவெடுத்தேன். சென்சார் உண்மையிலேயே செத்துத்தான் இருந்தது, புதுசு போட்டேன், வண்டி சரியாகிப் போய்விட்டது. பத்தே நாளில் திரும்பி வந்தது. இன்னொரு சென்சார் போட்டேன். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை எங்கள் ஃபோர்மேன், பாலக்காட்டுக்காரர், கப்ளரை வாங்கி ஒரு தையல் ஊசியை அந்தப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தார். பிடிப்பே இல்லாமல் ஊசி லொடலொடவென்று ஆடியது. நான் சொருகிய முனை பொந்தை விரித்துவிட்டிருந்தது. முதல் கோளாறைத் தீர்த்த கையோடு இரண்டாவதை நானே செய்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது சென்சாரின் விலை என் சம்பளத்தில்தான் போனது. அதனால் கப்ளர் பக்கம் அளவெடுக்கும்போது மெல்லிய குண்டூசியை ஒயர் நுழைகிற பின்பக்கமாகச் சாய்த்து விட்டுத் தொடுங்கள்.

இனி ஒயர். கப்ளரிலிருந்து மேலே கையால் தடவிக்கொண்டே போங்கள். கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் உரசுகிற இடம், சைலன்சர் பக்கம் சாய்ந்து உருகுகிற இடம், கியர் பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே நசுங்குகிற இடம், இந்த மூன்றும்தான் வழக்கமான காயங்கள். முன்பு யாராவது இந்தப் பெட்டியை இறக்கி ஏற்றியிருந்தால் மூன்றாவதைக் கட்டாயம் பாருங்கள். ஒயரின் மேல்தோல் நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்திருப்பதும் உண்டு. லேசாக இழுத்துப் பாருங்கள், அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். இன்னொரு எளிய வழி இருக்கிறது. கப்ளரைச் சொருகி, பின்பக்கமாக ஊசி வைத்து மல்டிமீட்டரை மாட்டி, ஒருவர் ஷாஃப்டைச் சுற்ற, நீங்கள் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கை வைக்கும்போது எண் செத்துப் பிழைக்கிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

ஒட்டுப்போட வேண்டி வந்தால் முறுக்கிவிட்டுக் கறுப்பு டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இந்த இரண்டு ஒயரும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. அலை சின்னது, பக்கத்திலேயே இக்னிஷன் இரைச்சல். பின்னியிருந்தால் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறிக் கழிந்துவிடும். ஒட்டுப் போட்ட பிறகு பழையபடி பின்னிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சென்சார்தான் என்று முடிவானால், வாங்கும் விஷயத்தில் ஒரு வார்த்தை. இது விலையுயர்ந்த சாமான் இல்லை. தஷ்லீஹில், அதாவது பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில், பழைய வண்டியிலிருந்து கழற்றித் தருவார்கள், ஆனால் அதுவும் உங்கள் சென்சாரின் வயதுதானே, அதே வெயிலைத் தின்றதுதானே. கதவும் பம்பரும் அங்கே வாங்குங்கள், சுருள் உள்ள சாமானை வாங்காதீர்கள். புதுசிலேயே மட்டமானதும் உண்டு. கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பழைய சென்சாரைக் கழற்றி எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து மூக்கின், அதாவது உள்ளே போகிற நுனியின், நீளத்தை ஒப்பிடுங்கள். மூக்கு ஒரு மி.மீ. குட்டையாக இருந்தால் இடைவெளி கூடி, அலை மெலிந்து, மெதுவாகப் போகும்போது முள் எழாது. டபுள் வண்டிக்கு இதே சென்சார் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும், சாமானும் வேறு, அங்கே போல்ட் இல்லாமல் சென்சாரே மரையோடு திருகி இறங்குகிற மாதிரி வரும். வருடத்தை மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார், டபுள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழற்றும்போது முதல் எதிரி மணல். சென்சாரைச் சுற்றி அப்பியிருக்கும் மண்ணும் ஆயிலும் கலந்த பசையை பிரஷ்ஷாலும் பிரேக் கிளீனராலும் சுத்தமாக்கிய பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். திறந்த துளை வழியாக ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால், சனையா கடைக்காரர் சொன்ன கியர் பாக்ஸ் வேலை உண்மையாகவே வந்துவிடும். 10-ஆம் நம்பர் சாக்கெட்டில் போல்ட்டை எடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், பின்பக்கம் தூக்கியிருந்தால் சொட்டுகள்தான் விழும். சென்சாரைப் பிடித்து இடமும் வலமும் திருகிக்கொண்டே வெளியே இழுங்கள். 20 வருட ஓ-ரிங் கல்லாகி ஒட்டியிருக்கும், சட்டென்று வராது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், அந்த வால் பகுதி அலுமினியம், உதடு உடைந்தால் அப்புறம் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் திருகும்போது இளகும்.

வெளியே வந்ததும் துடைத்துப் போட்டுவிடாதீர்கள், மூக்கைப் பாருங்கள். டாக்டர் நாக்கைப் பார்ப்பது மாதிரி இது. காந்தமாதலால் பெட்டிக்குள் மிதக்கும் இரும்புத்தூள் அங்கே வந்து ஒட்டும். மை மாதிரி நைஸான சாம்பல் பசை என்றால் வயதான பெட்டிக்கு அது இயல்பு. கையில் குத்துகிற செதில், ஊசி மாதிரித் துண்டு இருந்தால் உள்ளே ஏதோ உதிர்கிறது. மூக்கே ஒரு பக்கம் தேய்ந்து வழித்த மாதிரி இருந்தால் பல் வளையம் சென்சாரில் உரசியிருக்கிறது, அதாவது வாலில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்து, பின் ஆயில் சீலும் ஒழுகிக்கொண்டிருந்தால் புதுச் சென்சாரையும் அது தின்றுவிடும். முதலில் புஷ்ஷும் சீலும் மாற்ற வேண்டும். அதற்கும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

பழைய ஓ-ரிங் சென்சாரோடு வந்ததா என்று பாருங்கள். சில நேரம் துளைக்குள்ளேயே தங்கிவிடும், அதன் மேல் புதுசு போய் உட்கார்ந்தால் ஒழுகும். புது ஓ-ரிங்கில் இந்தப் பெட்டிக்கு ஊற்றுகிற அதே ஆயிலை விரலால் தடவி, சென்சாரை நேராக வைத்துக் கையால் அமுக்குங்கள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் போல்ட். போல்ட்டை முறுக்கி சென்சாரை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் சென்சாரில் போல்ட் ஏறுகிற காது உடையும். ஊரில் அனபாண்ட் என்போமே, அந்த மாதிரிப் பசை எதையும் இங்கே தடவ வேண்டாம். அடைப்பது ஓ-ரிங்கின் வேலை. போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும், சின்ன ராட்செட்டில் மணிக்கட்டு பலம்தான். கப்ளர் க்ளிக் என்று சத்தம் கேட்கச் சொருகி, ஒயரைச் சைலன்சரிலிருந்து விலக்கி டை போட்டுவிடுங்கள்.

ஆயில் அளவைச் சமதரையில், ஓடிச் சூடான பிறகு, பார்க்கிங்கில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். இன்ஜின் ஆயில் மாதிரி அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பிக் குறைத்தோ கூட்டியோ விடுவீர்கள். இந்தப் பெட்டிக்கு அந்தக் காலத்தில் டெக்ஸ்ரான் 3, இப்போது டெக்ஸ்ரான் 6 கிடைக்கும், அதை இதில் கலக்கலாம். குச்சியைத் துடைத்த துணியை முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடையும் கறுப்பு நிறமும் இருந்தால் சனையா கடைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முள் நன்றாக இருக்கும்போதும் கியர் வழுக்குகிறது, இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி முன்னே போகவில்லை என்றால் அது சென்சார் இல்லை. பி1870 என்ற கோடு வந்தால் அது வேறு வியாதி. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு வழுக்குகிறது. ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் அதற்கான வால்வ் ஓடுகிற துளை தேய்ந்து ஆயில் கசிவது இந்தப் பெட்டியில் பழக்கமான காரணம். உங்களிடம் பி0503 ஒன்றுதான் இருக்கிறது. முள் விழாத நேரத்தில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் பெட்டியைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். முள் விழும்போது ஸ்கேனரில் வேகம் என்ன காட்டியது, சென்சாரின் ஓம் எவ்வளவு என்று இரண்டே கேள்வி அவரிடம் கேளுங்கள். அளந்து பார்த்தவராக இருந்தால் உடனே எண்ணைச் சொல்வார்.

உங்கள் நண்பர் இன்னொன்றும் சொன்னாராம், புதுச் சென்சார் போட்டால் கம்ப்யூட்டரில் ப்ரோக்ராம் பண்ண வேண்டும் என்று. வேண்டாம். 40 பல் தண்டில் இருக்கிறது, சென்சாரில் இல்லை. எதை மாட்டினாலும் எண்ணிக்கை அதேதான். டயர் அளவையோ பின் அச்சின் விகிதத்தையோ மாற்றினால்தான் பிசிஎம்மில் கணக்கைத் திருத்த வேண்டும். அப்படி மாற்றிய வண்டியில் வேகம் எப்போதும் ஒரே விகிதத்தில் கூடவோ குறையவோ காட்டும், விழுந்து எழாது.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, வெறும் வண்டியாக ஒரு சுற்றும் சுமை ஏற்றி ஒரு சுற்றும் ஓட்டிப் பாருங்கள். காலையில் நன்றாக ஓடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், மதிய வெயிலில் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். சரியாகும் வரைக்கும் க்ரூஸ் போடாதீர்கள், ட்ரெய்லர் இழுக்காதீர்கள், லாரியை முந்தும் நேரத்தில் கியர் உதைத்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தபோது ஓம், சூட்டில் ஓம், கையால் சுற்றும்போது வோல்ட், இந்த மூன்று எண்ணையும் வெள்ளிக்கிழமை எடுத்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு சென்சார் வாங்கலாமா, ஒயரைப் பிரிக்கலாமா என்று சொல்கிறேன்.